ஐம்பது நிறுத்தம், நிறுத்தத்துக்கு மூன்று நிமிடம்: வட அமெரிக்கப் பறவைக் கணக்கெடுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் மாதம் பிறந்தால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கானோர் ஏதாவது ஒரு நாள் விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, கிராமத்துச் சாலைகளை நோக்கிக் காரைக் கிளப்பிக்கொண்டு போவார்கள். பறவைகளை எண்ணத்தான். 'வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு' என்பது இதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பிபிஎஸ் என்பார்கள். அயோவா மாநிலத்தில் ஒரு வழித்தடம் என் பொறுப்பில் இருக்கிறது. தமிழ்ச் சங்கக் கூட்டங்களிலும் ஊருக்குப் போகும்போதும் இதைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், என்ன செய்வீர்கள்?

24.5 மைல் (39.4 கி.மீ.) நீளமுள்ள ஒரு சாலை. அதில் அரை மைலுக்கு ஒன்றாக 50 நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சரியாக மூன்று நிமிடம் நின்று, சுற்றிலும் கால் மைல் (400 மீட்டர்) தூரத்துக்குள் கண்ணில் பட்ட பறவைகள் அத்தனையையும், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் காதில் விழுந்தவை அத்தனையையும் எண்ணி எழுத வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கினால் முடிய நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை. அடுத்த வருடம் அதே சாலையில், அதே 50 இடங்களில், ஏறக்குறைய அதே தேதியில் மறுபடியும்.

யார் ஆரம்பித்தது? எதற்காக?

சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர். மேரிலாந்து மாநிலத்தின் லாரல் ஊரில் இருந்த பட்டுக்சன்ட் வனவிலங்கு ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் எல்ம் மரங்களுக்கு வந்த நோயைத் தடுக்க ஊர் ஊராக டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். மருந்து பட்ட இலை உதிர்ந்து மண்ணில் சேர்ந்தது. அதை மண்புழு தின்றது, மண்புழுவை ராபின் என்ற பறவை தின்றது. புல்தரைகளில் ராபின்கள் துடித்துச் செத்தன. அமெரிக்காவின் வட மத்தியப் பகுதியான மிட்வெஸ்டைச் சேர்ந்த ஒருவர், இங்கே இப்படிச் சாகின்றனவே, நாடு முழுக்க ராபின் குறைந்துவிட்டதா என்று ராபின்ஸிடம் கேட்டார். பதில் சொல்ல அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும் கணக்கு இல்லை. செத்த பறவைகளை எண்ணலாம், ஆனால் நாட்டில் மொத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வழியே கிடையாது.

அந்த வழியை அவர் உருவாக்கினார். 1965-இல் மேரிலாந்திலும் டெலவேரிலும் வெள்ளோட்டம் பார்த்தார். 1966-இல் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே சுமார் 600 வழித்தடங்களில் முறைப்படி தொடங்கினார். 1968-க்குள் மேற்குக் கரை வரை பரவியது. இன்று 4,000-க்கும் மேற்பட்ட வழித்தடங்கள் இருக்கின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையும் கனடாவின் வனவிலங்குத் துறையும் சேர்ந்து நடத்துகின்றன, 2008 முதல் மெக்சிகோவும் சேர்ந்திருக்கிறது.

ராபின்ஸைப் பற்றி ஒரு துணைச் செய்தி. 1956-இல் பசிபிக் கடலில் உள்ள மிட்வே தீவில் அவர் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை ஒன்றுக்குக் காலில் வளையம் போட்டார். பின்னாளில் 'விஸ்டம்' என்று பெயர் பெற்று, உலகத்தில் நமக்குத் தெரிந்த மிக வயதான காட்டுப் பறவை ஆனது அதுதான். வளையம் போட்டவர் 2017-இல், 98 வயதில் காலமானார். பறவை 2024-இலும் முட்டையிட்டது.

பறவைகள் நிறைய இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுத்தால் என்ன? மக்காச்சோளக் காட்டுக்குள் நின்று எதை எண்ணுகிறீர்கள்?

நல்ல இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நல்ல இடங்களைப் பற்றி மட்டும்தான் தெரியும். அதனால் தொடங்கும் இடம், போகும் திசை இரண்டையும் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்தார்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒவ்வொரு பாகையாக வெட்டிய கட்டங்களுக்குள் இத்தனை வழித்தடம் என்று கணக்கு. குலுக்கலில் சதுப்பு நிலமும் விழும், பன்றிப் பண்ணையும் விழும்.

எனக்கு விழுந்தது மக்காச்சோளமும் சோயாவும். அயோவாவில் ஒரு காலத்தில் ஆளுயரப் புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்தது. அதில் 99.9 சதவீதம் ஏருக்குப் போய்விட்டது. மிஞ்சியிருப்பது ரயில் பாதை ஓரத்திலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள்தான். இங்கே ஒரு வசதி உண்டு. மிட்வெஸ்ட் நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக அளந்து சாலை போட்டிருப்பதால், அரை மைல் நிறுத்தங்கள் ஒன்று நாற்சந்தியில், அடுத்தது இரண்டு சந்திகளுக்கு நடுவில் என்று ஒழுங்காக விழுகின்றன. மலைப்பகுதியில் எடுப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

ஏன் ஜூன்? ஏன் அந்த நேரம்?

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தன் எல்லைக்குள் நின்று பாடும். வலசை போகிறவை மே மாதத்துக்குள் கடந்து போயிருக்கும். ஜூனில் பாடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த இடத்திலேயே கூடு கட்டியிருப்பது. தெற்கு மாநிலங்களிலும் பாலைப் பகுதியிலும் மே மாதத்திலேயே எடுத்துவிடுகிறார்கள், வடக்கே ஜூலை முதல் வாரம் வரை போகும். விடியும் நேரத்தில் பாட்டு உச்சத்தில் இருக்கும், வெயில் ஏற ஏற அடங்கிவிடும். அயோவாவில் ஜூன் நடுவில் சூரியன் ஏறத்தாழ 5.40-க்கு உதிக்கிறது. அப்படியானால் முதல் நிறுத்தத்தில் 5.10-க்கு நிற்க வேண்டும். வீட்டை எப்போது விட வேண்டும் என்பது வழித்தடம் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது.

ஒரு நிறுத்தத்தில் அந்த மூன்று நிமிடமும் என்ன நடக்கும்?

காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்து, இறங்கி, கதவை அறையாமல் சாத்துவேன். கடிகாரத்தை அழுத்தினால் மூன்று நிமிடம் ஓட ஆரம்பிக்கும்.

முதல் அரை நிமிடம் காது நிரம்பி வழியும். பள்ளத்து நாணலிலிருந்து ரெட்விங்டு பிளாக்பேர்டு. கறுப்புப் பறவை, தோளில் சிவப்புப் பட்டை, துருப்பிடித்த கீல் திறப்பதுபோல் ஒரு குரல். ஒன்று இங்கே, ஒன்று கம்பியில், இன்னொன்று சாலைக்கு அந்தப் பக்கம்: மூன்று. வேலிக்கம்பத்தின் உச்சியில் டிக்சிசல், 'டிக் டிக் சிஸ் சிஸ்' என்று தன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். பண்ணை வீட்டுப் பக்கம் சிட்டுக்குருவிகள். இவை எல்லாம் சுலபம். கடினமானவை இவற்றின் அடியில் இருக்கும். சோயா வயலுக்கு மேலே, கண்ணாடி மணி உதிர்வதுபோல் ஹார்ன்டு லார்க்கின் மெல்லிய குரல். தூரத்தில் ஒரு ஃபெசன்ட் கூவும் ஒற்றைக் கூவல். நான்கு திசைக்கும் திரும்பித் திரும்பி நிற்பேன். பைனாகுலரை எடுப்பது ஏதாவது பறக்கும்போது மட்டும்தான்.

நடுவில் ஒரு பிக்கப் டிரக் வரும். சரளைக்கல் சாலையில் அது கடந்து போகும் சத்தத்தில் இருபது விநாடிக்கு ஒன்றும் கேட்காது, புழுதி வேறு. அதற்காக நேரத்தை நீட்டக் கூடாது. எத்தனை வண்டி கடந்தது என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு கோடு. கடிகாரம் ஒலித்தால் முடிந்தது. ஒலித்த அடுத்த விநாடியில் பாடும் பறவைக்கு அன்றைக்கு இடமில்லை. இது நிச்சயம் நடக்கும். வேண்டுமென்றே காத்திருந்து பாடுகிறதோ என்று தோன்றும் அளவுக்கு நடக்கும்.

பாலங்களில் நின்றால் வேறு சிரமம். பாலத்தடியில் மண்குடுவைக் கூடு கட்டும் கிளிஃப் ஸ்வாலோக்கள் ஐம்பது, அறுபது ஒன்றாகச் சுழலும். அப்போது பத்துப் பத்தாக மதிப்பிட்டு எழுதுவதுதான் வழி. பெற்றோரை ஒட்டித் திரியும் அந்த வருடத்துக் குஞ்சுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. போன நிறுத்தத்தில் எண்ணிய அதே பருந்து இங்கேயும் தலைக்கு மேலே வட்டமிடுகிறது என்று தெரிந்தால் மறுபடி எண்ணுவதில்லை.

பார்க்காமல் குரலை மட்டும் வைத்து எழுதலாமா?

தாராளமாக. கணக்கில் வருவதில் பெரும்பகுதி காதால் வந்ததுதான். முதல் சில நிறுத்தங்களில் போதிய வெளிச்சம் இருக்காது.

பாட்டுகளை எப்படிக் கற்பது என்று கேட்பவர்களுக்கு: ஜூனில் ஆரம்பிக்காதீர்கள். அப்போது எல்லாம் ஒன்றாகப் பாடும், தலை சுற்றும். மார்ச்சிலேயே தொடங்குங்கள். முதலில் ராபின், பிளாக்பேர்டு, மெடோலார்க் என்று ஒன்றிரண்டுதான் பாடும். ஏப்ரலில் சில, மே மாதத்தில் நிறைய என்று வந்து சேரச் சேரப் பழகிவிடும். உங்கள் பகுதியில் அதிகம் கேட்கும் பத்துப் பறவைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொண்டால், அந்தப் பத்தில் சேராத குரல் தானாகத் தனித்துக் கேட்கும். ஆங்கிலப் புத்தகங்களில் வரும் ஞாபகச் சொற்றொடர்கள் என் காதில் ஒட்டவில்லை. எனக்கு ஒட்டியது தாளக்கட்டுதான், விரலால் தொடையில் தட்டிப் பார்த்துக்கொள்வேன்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலி போனில் இருக்கிறதே, அதுவே சொல்லிவிடாதா?

வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அருமையான செயலி. கணக்கெடுக்கும்போது போன் காருக்குள் இருக்கட்டும். 1966-இல் நின்றவர் காதையும் கண்ணையும் வைத்து எண்ணினார். இன்றைக்கு நிற்பவரும் அப்படி எண்ணினால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வரவழைப்பது, உதட்டால் 'பிஷ்ஷ்' என்று ஒலி எழுப்பி வெளியே இழுப்பது இரண்டும் இதே காரணத்தால் கூடாது.

துணைக்கு ஆள் வரலாமா?

வரலாம். வண்டி ஓட்டலாம், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதலாம். 'அதோ அங்கே ஒன்று' என்று கைகாட்டக் கூடாது. இரண்டு ஜோடிக் கண்கள் கூடுதலாகப் பார்க்கும் என்பதுதான் சிக்கலே. இந்த விதியைக் கணவன் மனைவியாகப் போகிறவர்கள் கடைப்பிடிப்பது எளிதில்லை.

இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே அபூர்வமான பறவை ஒன்றைப் பார்த்தால்?

பார்த்து மகிழலாம். படிவத்தில் ஏறாது.

ஒன்றுமே இல்லாத நிறுத்தம் வந்தால்? பத்தடி தள்ளி நின்றால் கிடைக்குமே?

தள்ளி நிற்கக் கூடாது. புதிதாக வருபவர்களுக்குப் புரியவைக்க ரொம்பக் கஷ்டமான விஷயம் இதுதான். பறவை நோக்குபவர்களுக்கு இயல்பிலேயே அதிகம் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். அந்தத் தோப்போரம் ஆந்தை இருக்கிறது என்று தெரியும், இந்த வளைவுக்கு அப்பால் குளம் இருக்கிறது என்று தெரியும். கால் தானாக அந்தப் பக்கம் இழுக்கும். ஆனால் இருபுறமும் சோளம், ஒரு ஹார்ன்டு லார்க், வேறு ஒன்றும் இல்லை என்பதும் தகவல். முன்பு அங்கே நின்றவர் மெடோலார்க் எழுதியிருந்த இடத்தில் இன்றைக்கு ஒன்றும் இல்லை என்பது இன்னும் பெரிய தகவல். நிறுத்தத்தை நகர்த்தினால் அதை அழித்தவர்கள் ஆகிறோம். சாலையை மூடிவிட்டார்கள், நெடுஞ்சாலையாக அகலப்படுத்திவிட்டார்கள், நின்றால் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நகர்த்தலாம், அதையும் ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

மழை பெய்தால்? காற்றடித்தால்?

தூறல் பரவாயில்லை, மழை என்றால் வேறு நாள். காற்றுக்கு பியூஃபர்ட் அளவுகோல் உண்டு. இலையும் சிறு குச்சியும் விடாமல் ஆடினால் 3. அதுதான் பொதுவான வரம்பு. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 4. காற்று பலமானால் காது பாதி செத்துவிடும், எண்ணிக்கை குறைந்து பறவைகளே குறைந்துவிட்டதாகத் தோன்றும். அதனால்தான் வெப்பநிலை, காற்று, வானம் மூன்றையும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் குறிக்கச் சொல்கிறார்கள். போன வருடம் எடுத்த தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்குள் எடுப்பது நல்லது என்பதால், ஜூன் முழுக்க வானிலை அறிக்கையைப் பார்த்தபடியே இருக்க வேண்டியிருக்கும்.

இருட்டில் யாரோ வீட்டு முன்னால் கார் நிறுத்தி பைனாகுலரோடு நின்றால் சும்மா விடுவார்களா? அதுவும் நம் நிறத்தில்?

சங்கக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் சிரிப்பான கேள்வி இல்லை. நான் செய்வது இது: முந்தின நாள் அந்தக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் அலுவலகத்துக்கு, அதாவது காவல் அலுவலகத்துக்கு, போன் செய்து, கார் எண், சாலை, நேரம் சொல்லிவிடுவேன். கார் கண்ணாடியில் 'பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது' என்று பெரிய எழுத்தில் அட்டை. பளிச்சென்ற மஞ்சள் மேற்சட்டை. விட்டுவிட்டு எரியும் நான்கு விளக்குகள். வீட்டு வாசலுக்கு நேரே நிற்க வேண்டி வந்தால் வீட்டுக்கு முதுகைக் காட்டி, வயலைப் பார்த்து நிற்பேன். இத்தனையும் வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் செய்ய வேண்டியிருக்காது என்பது எனக்கும் தெரியும்.

நின்று விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். பறவை என்று சொன்னதும் முகம் மாறிவிடும். "பாப்வைட் காடை இப்போதெல்லாம் கேட்பதே இல்லை, என் அப்பா காலத்தில் வேலிக்கு வேலி கத்தும்" என்ற ரீதியில் ஆரம்பிப்பார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு விரலைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, முடிந்ததும் பேசுவேன்.

சாப்பாடு, கழிப்பறை?

முப்பதாவது நிறுத்தத்தை ஒட்டி ஒரு சிற்றூர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அயோவாவில் எந்தச் சிற்றூரிலும் கேசீஸ் பெட்ரோல் பங்க் இருக்கும், காலையிலேயே முட்டை போட்ட பீட்சா விற்பார்கள். காபியை மட்டும் பாதி வழி தாண்டும்வரை தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம். புல்லுக்குள் இறங்கினால் வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலையோரம் நின்று எண்ணினால் நாட்டில் உள்ள பறவைகளின் கணக்கு எப்படிக் கிடைக்கும்?

கிடைக்காது. இது மொத்தப் பறவைகளின் எண்ணிக்கை இல்லை, எண்ணிக்கைக்கான ஒரு குறியீடு. தராசு கொஞ்சம் குறைத்துக் காட்டினாலும், ஒவ்வொரு வருடமும் அதே தராசில் நிறுத்தால் எடை ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

ஆனால் தராசே மாறிக்கொண்டு வந்தால்? இந்தக் கேள்வியைப் புள்ளியியலாளர்கள் பல பத்தாண்டுகளாகக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். சாலையோரம் காட்டின் உட்பகுதியைவிட வேகமாக மாறலாம். அன்று மண்சாலை, இன்று லாரிகள் ஓடும் தார்ச்சாலை என்றால் சத்தத்திலேயே பாதிக் குரல் மறைந்துபோகும். கனடாவின் வடக்கே சாலையே இல்லாத பெருங்காடுகளில் எண்ண ஆளில்லை. சில பறவைகளை இந்த முறை சரியாகப் பிடிக்கவே பிடிக்காது: ஆந்தை, பக்கி போன்ற இரவாடிகள், சதுப்பில் ஒளிந்திருப்பவை, கூட்டமாக ஒரே இடத்தில் கூடு வைக்கும் நீர்ப்பறவைகள், ஜூனுக்கு வெகு முன்பே குஞ்சு பொரித்துவிடும் கழுகுகள். இவற்றுக்கு வேறு கணக்கெடுப்புகள் வேண்டும். வயலிலும் தோட்டத்திலும் காட்டோரத்திலும் உரக்கப் பாடும் சாதாரணப் பறவைகளுக்கு இதைவிட நீண்ட, ஒழுங்கான பதிவு இந்தக் கண்டத்தில் கிடையாது.

எண்ணுபவருக்கு எண்ணுபவர் மாறுமே?

மாறும், நன்றாகவே மாறும். ஒரு வழித்தடத்தை ஒருவர் விட்டு இன்னொருவர் எடுத்தால் எண்ணிக்கை குதிக்கலாம். அதே ஆள் என்றாலும் முதல் வருடம் குறைவாகவே எண்ணுவார். சாலை புதிது, நிறுத்தத்தைத் தேடுவதிலேயே கவனம் போய்விடும். ஜான் சாவர், வில்லியம் லிங்க் போன்ற ஆய்வாளர்கள் போக்குகளைக் கணக்கிடும்போது, எண்ணியவர் யார், அது அவருக்கு முதல் வருடமா என்பதையும் கணித மாதிரிக்குள் சேர்த்துப் பிரித்தெடுக்கிறார்கள். அதனால் 'போன ஆள் என்னைவிட அதிகம் எழுதியிருக்கிறாரே, நானும் கொஞ்சம் கூட்டி எழுதலாமா' என்று யோசிக்கவே வேண்டாம்.

வயது இன்னொரு சங்கதி. காது முதலில் இழப்பது உச்ச சுருதியை. கிராஸ்ஹாப்பர் ஸ்பாரோ என்ற சின்னப் புல்வெளிக் குருவியின் பாட்டு, பெயருக்கேற்ப வெட்டுக்கிளிச் சத்தம்தான். ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு அது பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். அதிகம் அனுபவம் உள்ளவர்கள் அதிகம் வயதானவர்களும்கூட. காது சோதனை செய்துகொண்டு, கேட்கவில்லை என்று தெரிந்ததும் வழித்தடத்தை இளையவர் ஒருவருக்குக் கைமாற்றியவர்களை எனக்குத் தெரியும். இந்த வேலையில் நான் அதிகம் மதிப்பது அவர்களைத்தான்.

இத்தனை வருடத்தில் என்னதான் தெரிந்தது?

2019-இல் கென் ரோசன்பர்க் தலைமையிலான குழு 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 1970-இலிருந்து அமெரிக்காவும் கனடாவும் சுமார் 290 கோடிப் பறவைகளை இழந்திருக்கின்றன, அதாவது 29 சதவீதம். 529 இனங்களை வைத்துப் போட்ட கணக்கு. அவற்றில் பெரும்பாலான இனங்களுக்கு ஆதாரம் இந்தச் சாலையோர எண்ணிக்கைதான். இரவில் வலசை போகும் பறவைக் கூட்டங்கள் வானிலை ரேடாரில் தெரியும், அதையும் தனியே பார்த்தார்கள். அதுவும் இறக்கத்தையே காட்டியது.

மிக மோசமான அடி புல்வெளிப் பறவைகளுக்கு: 53 சதவீதம், 70 கோடிக்கும் மேல். எங்கள் பக்கத்தில் அது வெறும் சதவீதமாக இருப்பதில்லை. வைக்கோல் புல்லில் கூடு வைக்கும் பாபோலிங்க், தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா வரை போய்த் திரும்பும் பறவை. முன்பெல்லாம் புல்லை ஜூலையில் அறுத்தார்கள், இப்போது மே கடைசியிலேயே முதல் அறுப்பு. குஞ்சு கூட்டில் இருக்கும்போதே எந்திரம் வந்துவிடுகிறது. டிக்சிசல் குளிர்காலத்துக்கு வெனிசுவேலாவின் சமவெளிக்குப் போகும். அங்கே லட்சக்கணக்கில் நெல்வயலில் இறங்கினால் விவசாயி சும்மா இருப்பாரா? விஷம் வைத்துக் கொன்றிருக்கிறார்கள். ஆக ஜூனில் ஒரு வேலிக்கம்பம் காலியாக இருந்தால் காரணம் அந்த வயலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எண்ணுபவரால் 'குறைகிறது' என்றுதான் சொல்ல முடியும், 'ஏன்' என்பதைக் கண்டுபிடிக்க வேறு வேலைகள் வேண்டும்.

ஏறியவையும் உண்டு. காட்டு வான்கோழி, சாண்ட்ஹில் கொக்கு இரண்டும் நன்றாகப் பெருகியிருக்கின்றன. 1985-இன் விவசாயச் சட்டம், மண் எளிதில் அரிக்கப்படும் நிலத்தைப் புல்லாக விட்டுவைக்கும் விவசாயிக்குப் பணம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்படிப் புல்லான இடங்கள் அதிகமுள்ள இல்லினாய் கவுண்டிகளில் ஹென்ஸ்லோஸ் ஸ்பாரோ என்ற புல்வெளிக் குருவி தலைதூக்கியதை இந்தக் கணக்கெடுப்பே காட்டியது. புல்லை விட்டால் பறவை வரும் என்பதற்கு விவசாயிகளிடம் நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

நம் ஊர்ப் பறவை ஏதாவது படிவத்தில் வருமா?

வரும், அதில் எனக்குத் தனிச் சந்தோஷம். கள்ளிப்புறா! கழுத்தில் கறுப்புக் கோட்டோடு நம் ஊர் வேலிமுள் மரங்களில் உட்கார்ந்து கூவும் அதே இனம். 1970-களில் பஹாமாஸ் தீவில் கூண்டிலிருந்து தப்பியவை 1980-களில் ஃபுளோரிடாவில் பரவின, பிறகு வடமேற்காகக் கண்டத்தையே கடந்துவிட்டன. அது வருடத்துக்கு எவ்வளவு தூரம் முன்னேறியது என்பது பிபிஎஸ் பதிவுகளில் படிப்படியாகத் தெரியும். இங்கே சிற்றூர்களின் தானியக் கிடங்கைச் சுற்றித்தான் இருக்கும். அந்தக் குரலைக் கேட்டால் ஒரு நொடி எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

தகைவிலானும் வரும். தமிழ்நாட்டுக்குக் குளிர்காலத்தில் வந்து மின்கம்பியில் வரிசையாக உட்காருமே, அதே இனத்தின் அமெரிக்கக் கிளை, வயிறு மட்டும் செம்பழுப்பு. இங்கே அது தொழுவத்துக்குள் கூடு கட்டும். சிட்டுக்குருவி 1850-களில் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்டது. வந்தேறி என்று பலரும் வெறுக்கும் அந்தக் குருவியும் இந்தக் கணக்கில் குறைந்துகொண்டுதான் வருகிறது.

உங்கள் வழித்தடத்தில் மெடோலார்க் குறைந்துவிட்டது என்று சொல்லலாமா?

சொல்ல ஆசைதான், ஆனால் கூடாது. ஒரு வழித்தடம், ஒரு காலை, ஒரு ஜோடிக் காது. அன்றைக்குப் பனிமூட்டமாக இருந்திருக்கலாம், பக்கத்து வயலில் டிராக்டர் ஓடியிருக்கலாம். நூற்றுக்கணக்கான வழித்தடங்களைச் சேர்த்து, பல வருடங்களை அடுக்கினால்தான் போக்கு தெரியும். முகநூலில் தன் பட்டியலை மட்டும் போட்டு 'அழிவு' என்றோ 'அமோகம்' என்றோ எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

இடையில் நின்றதே இல்லையா?

2020-இல் நின்றது. கொரோனா காரணமாக அந்த வருடக் கணக்கெடுப்பை ரத்து செய்தார்கள். 1966-க்குப் பிறகு ஒட்டுமொத்தமாக விடுபட்ட ஒரே வருடம் அது.

இந்தியாவில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

இதே அச்சில் நாடு முழுக்க, நிலையான சாலைத் தடங்களில் இவ்வளவு காலமாக நடப்பது கிடையாது. வேறு நல்ல வேலைகள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேகரிக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். வனத்துறை நீர்ப்பறவைகளுக்கும் நிலப்பறவைகளுக்கும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு நடத்துகிறது. இப்படி இ-பேர்டில் சேர்ந்த பதிவுகளை வைத்து 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தரவு இருந்தது 338 இனங்களுக்கு, அவற்றில் 60 சதவீதம் குறைந்திருந்தன.

இ-பேர்டில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் எண்ணலாம், அதுதான் அதன் பலம். ஆனால் எல்லோரும் வேடந்தாங்கலுக்கே போனால் மானாவாரிக் காட்டுக்கு யார் போவது? ஊரில் இருப்பவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் சாலையில் பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு, வருடா வருடம் அதே மாதத்தில், அதே நேரத்தில் நின்று பட்டியல் போடுங்கள். குளம் வேண்டாம், சரணாலயம் வேண்டாம்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பத்தாவது நிறுத்தம் வரை உற்சாகம், இருபதில் தூக்கம், முப்பதில் அழுகை. கணக்கெடுப்பு நாளில் வேண்டாம். முந்தின வாரம் நிறுத்தங்களைச் சரிபார்க்கப் போகும்போது கூட்டிப் போங்கள்.

நான் சேர வேண்டுமென்றால்?

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர் என்றால், கணக்கெடுப்பின் இணையதளத்தில் உங்கள் மாநிலத்து வரைபடத்தைத் திறந்து, ஆளில்லாத வழித்தடங்களைப் பாருங்கள். நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவற்றுக்கு ஆள் இருக்கும், தள்ளிப் போகப் போகக் காலியாகக் கிடக்கும். பிடித்த தடம் இருந்தால் மாநில ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். சம்பளம் கிடையாது. செயல்முறையைச் சொல்லிக்கொடுக்கும் இணையப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். அந்தப் பகுதியில் கூடு கட்டும் பறவைகளைப் பார்த்தும் கேட்டும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். அது இன்னும் வரவில்லை என்றால், இப்போதே கணக்கெடுக்கும் ஒருவருக்கு எழுத்தராகப் போங்கள், ஒரே காலையில் ஐம்பது பாடம்.

குறைந்தது சில வருடங்களாவது தொடர்ந்து செய்ய முடியுமா என்று யோசித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். வேலை மாறி இரண்டு வருடத்தில் வேறு மாநிலம் போய்விடுவீர்கள் என்றால், எழுத்தராக இருப்பதே அந்தத் தடத்துக்கு நல்லது. இடம் உறுதியானதும் மே மாதத்தில் ஒரு பகல் நேரத்தில் முழுச் சாலையையும் ஓட்டிப் பாருங்கள். பழைய நிறுத்தக் குறிப்புகளில் 'சிவப்புத் தொழுவத்துக்கு எதிரே' என்று எழுதியிருக்கும், தொழுவத்தை எப்போதோ இடித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, புதிய அடையாளத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலையில் மாட்டும் விளக்கு ஒன்று, பென்சில் இரண்டு. பேனா வேண்டாம், பனி இறங்கிய தாளில் மை ஊறிவிடும்.